முன்வரிசையில் மினா

வொல்ஷினா
14 மார்ச் 1909

கடவுள் துணை.

அன்புத் தங்கை வோர்ஷாவுக்கு அக்கா லேய்னா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான் ஹான்சோ, மினா மூவரும் சுகம். உன் சுகமும் உன் எஜமான் வீட்டார் சுகமும் அறிய ஆவல். அத்தானுக்கு முழங்கால் வலி வழக்கம்போல் வந்து போகிறது. வாய்க்கால்களில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. அவர் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருக்கிறார். ஊரெல்லாம் தார் நாற்றம். உனக்கு அங்கே இதெல்லாம் மறந்தே போயிருக்கும்.

நம் மினா செய்ததைக் கேள். போன வாரம் பள்ளி ஆய்வாளர் வந்திருந்தார். வகுப்பில் யாராவது ஒரு ஜெர்மன் பாட்டைப் பார்க்காமல் சொல்ல முடியுமா என்று கேட்டாராம். பெரிய பையன்கள் எல்லாம் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் எழுந்து ஒரு நீளப் பாட்டை ஒரு சொல் தட்டாமல் சொல்லி முடித்திருக்கிறாள். “இந்தப் பொண்ணு வெளியூரா?” என்று கேட்டாராம் அவர். “இல்லீங்க, இதே ஊர்தான். வீட்ல நாங்க சோர்ப் பேச்சுதான் பேசுவோம்” என்று இவளே பதில் சொல்லிவிட்டாள். ஊர் முழுக்க இதே பேச்சு. நானும் காது கேளாதவள்போல் ஒவ்வொருத்தியிடமும் “என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே வாரம் வாத்தியார் ரோடெவால்ட் ஒரு கட்டளை போட்டிருக்கிறார். ஜூன் மாதம் கொட்புஸிலிருந்து படக்காரர் வந்து பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே படமாக எடுக்கப் போகிறாராம். பெண்பிள்ளைகள் எல்லாரும் டவுன் கவுன் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா? நேரே போய்விட்டேன்.

“என் பொண்ணு கோயிலுக்குப் போட்டுட்டுப் போற உடுப்பு உங்க படத்துக்கு ஆகாதா?” என்றேன்.

“கோயில் வேற, பள்ளிக்கூடம் வேறம்மா. இந்தப் படம் ஆய்வாளர் ஆபீசுக்குப் போகுது. இங்க பிள்ளைங்க எவ்வளவு முன்னேறியிருக்குன்னு அவங்க பார்க்கணும்.”

“ஓஹோ. முன்னேற்றம்னா தலையில கட்டியிருக்கறத அவுக்கறதா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “உங்க இஷ்டம். தலைக்கட்டோட வர்றவங்க பின் வரிசையில, பெரிய பசங்களுக்குப் பின்னாடி நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தத் தடிப்பயல்களுக்குப் பின்னால் நின்றால் தலைக்கட்டின் நுனிகூடப் படத்தில் விழாது.

நான் முடிவு செய்துவிட்டேன். மினா நம் உடுப்பில்தான் போவாள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் தலைக்கட்டுக்குப் பூ வேலை செய்திருக்கிறேன். நீ பெர்லினிலிருந்து நல்ல பட்டு ரிப்பன் ஒன்று அனுப்பு. நீலமாக இருக்கட்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அக்கா லேய்னா


பெர்லின்
2 ஏப்ரல் 1909

அன்புள்ள அக்காவுக்கு வோர்ஷாவின் வணக்கம். கடவுள் அருளால் நான் சுகம். அத்தான் முழங்காலுக்குக் குதிரைக்காரர்கள் தேய்க்கும் ஒரு தைலம் இங்கே கிடைக்கிறது. பார்சலில் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். எஜமான் மகன் எகோனுக்கு மட்டும் இருமல்.

மினாவைப் பற்றி நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சமையல்காரி ஃப்ரீடாவிடம் சொன்னேன். தபால்காரரிடமும் சொன்னேன். அவர் மூன்றாம் மாடி ஏறி வந்த களைப்பில் “சரிம்மா, சரிம்மா” என்றார்.

அக்கா, கோபப்படாதே. ரிப்பனுக்குப் பதிலாக ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். நானே தைத்தது. துணி எஜமானி வெஸ்ஸன்டார்ஃப் மேடம் தனக்கு வாங்கி வேண்டாம் என்று ஒதுக்கியது. கரு நீலம், கழுத்தில் வெள்ளை லேஸ். இங்கே நல்ல வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் போடுகிறார்கள். மினாவின் அளவு தெரியாததால் எகோனின் தோளை அளந்து தைத்தேன். இருவருக்கும் இரண்டு மாத வித்தியாசம்தானே. சரியாக இருக்கும்.

இவ்வளவு ஜெர்மன் படிக்கும் பெண்ணை எதற்குப் பின் வரிசையில் நிறுத்த வேண்டும்? அவள் முன்னால் நிற்கட்டும். பதினாலு வயதானதும் பெர்லினில் அவளுக்கு ஏதாவது வழி செய்யலாம் என்று மேடமிடம் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன். இப்போதே எதுவும் இல்லை. பேச்சுவாக்கில்தான்.

மினாவுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை
வோர்ஷா


வொல்ஷினா
11 ஏப்ரல் 1909

கடவுள் துணை.

தங்கை வோர்ஷாவுக்கு. இங்கே அனைவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பார்சல் வந்தது. தைலம் அத்தானுக்குப் பிடித்திருக்கிறது. கவுனை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நல்ல தையல்.

ரிப்பன் வரவில்லை. இங்கேயே கிடைப்பதை வாங்கிக்கொள்கிறேன். பத்து வருடமாக நீ அதே தலைக்கட்டைக் கட்டிக்கொண்டுதான் பெர்லினில் சம்பாதிக்கிறாய். இங்கே அதை அவிழ்க்கச் சொல்வது நீயாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பதினாலு வயதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

லேய்னா


பெர்லின்
25 ஏப்ரல் 1909

அன்புள்ள அக்காவுக்கு வோர்ஷாவின் வணக்கம். நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் சின்னதாக இருந்தாலும் கனமாக இருந்தது. நான் இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். என்னைக் குறை சொல்வதாக இருந்தால் படித்து முடித்துவிட்டுச் சொல்.

நான் இங்கே வந்தது எகோனுக்குப் பால் கொடுக்கும் தாதியாக. அவன் இப்போது தன் பூட்ஸுக்குத் தானே கயிறு கட்டிக்கொள்கிறான். கணக்குப் போடுகிறான். அவனுக்கு நான் தேவையே இல்லை. பிறகு என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? இந்தத் தலைக்கட்டுக்காகத்தான். வீட்டில் நம் ஸ்ப்ரேக் காட்டுப் பக்கத்துத் தாதி ஒருத்தி இருக்கிறாள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் தலை கனத்து, வெறும் தலையோடு எகோனை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டேன். மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு, “உர்சல், உன்னை எதுக்கு வெச்சிருக்கோம்னு மறந்துட்டியா?” என்றார். இங்கே எனக்குப் பெயர் உர்சல்தான். வோர்ஷா என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லையாம்.

இரண்டு வருடம் முன்பு நான் உனக்கு ஒரு தபால் அட்டை அனுப்பினேனே, நான் தள்ளுவண்டியோடு நிற்பது போல? நானாகப் போய் எடுத்துக்கொண்டது என்று நினைத்தாயா? எகோன் வண்டியில் கிடந்த வயதில் எவனோ ஒருவன் பூங்காவில் எடுத்தான். இப்போது கடைகளில் விற்கிறார்கள். அடியில் என் பெயர் இல்லை. ‘ஸ்ப்ரேக் காட்டுத் தாதி’ என்று மட்டும் இருக்கிறது. சிப்பாய்கள் என்னைப் பார்த்து அந்த அட்டையைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

நம் உடுப்பு அழகில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது எனக்குச் சீருடையாகிவிட்டது, அவ்வளவுதான். மினாவை யாரும் அப்படி நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கும் ஓர் ஆசை உண்டு.

அதற்கு மேல் எழுதவில்லை.

உன் தங்கை
வோர்ஷா


பெர்லின்
20 மே 1909

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை.

என் கடிதம் வந்து சேர்ந்ததா? உறையின் மேல் ஊர்ப் பெயரை ஜெர்மனில்தான் எழுதினேன், தப்பிப் போக வழியில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? மினாவுக்கு ஏதாவது? ஒரே ஒரு வரி போடு. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, திட்டி எழுது.

வோர்ஷா


வொல்ஷினா
6 ஜூன் 1909

கடவுள் துணை.

அன்புத் தங்கை வோர்ஷாவுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், பயப்படாதே. சிவப்புப் பசு கன்று போட்டது. வெள்ளரி நட்டாகிவிட்டது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது பொய்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுதக் கை வரவில்லை. அந்தத் தபால் அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் “என் தங்கச்சி, பெர்லின்ல, பாரு எப்படி இருக்கா” என்று காட்டியிருக்கிறேன். நீ அதில் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

பிறகு ஊருக்குள் போனேன். மற்ற தாய்மார்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கலாம் என்று. படகை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுத் துறையிலும் நின்றேன். கொகோட் வீட்டு ஹானா கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“கவுன் துணி வாங்கியாச்சு லேய்னா. நீ ஒருத்திதான் மல்லுக்கு நிக்கற.”

“உன் பொண்ணு லிஸ்பெத் கோயில்ல நம்ம உடுப்புல எவ்வளவு லட்சணமா இருப்பா.”

“இருப்பா. ஆனா நாளைக்கு அவளுக்கு டவுன்ல வேலை வேணும். வாத்தியாரைப் பகைச்சுக்க என்னால முடியாது. உனக்கென்ன, உன் தங்கச்சி பெர்லின்ல இருக்கா.”

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். யார்மேலும் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள்தானே.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கோபம் கவுன் மேல் இல்லை. பதினாலு வயது, பெர்லின் என்று நீ எழுதினாயே, அந்த வரி மேல்தான். நீ கடைசியாக வந்தபோது மினா மதியம் வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிவிட்டாள். நீ அவள் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நான் மாட்டுக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். நீ பெர்லினுக்குக் கிளம்பும்வரை உங்கள் இருவரையும் நான் தனியாக விடவே இல்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை படக்காரர் வருகிறார். நான் இரண்டு உடுப்பையும் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுப் பசுவிடம் போய்விடப் போகிறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவளுக்கு எது பிடிக்கிறதோ அது.

கடவுள் உன்னைக் காக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா லேய்னா


வொல்ஷினா
13 ஜூன் 1909

கடவுள் துணை.

அன்புள்ள வோர்ஷா சித்திக்கு மினா எழுதுவது. நான் சுகம், அம்மா சுகம், அப்பா சுகம், கன்றுக்குட்டி சுகம். நீங்கள் சுகமா? எகோன் தம்பியின் இருமல் போய்விட்டதா?

இதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இதை எழுதக் கற்றுத் தருவதில்லை. கோயில் பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

படம் எடுத்தாகிவிட்டது. நான் நம் உடுப்பில்தான் போனேன். பெண்பிள்ளைகளில் நான் ஒருத்திதான். வாசலில் நுழைந்ததுமே பெரிய பையன்கள், “டேய், பாய் விரிச்ச கப்பல் வருதுடா!” என்று கத்தினார்கள். “வழி விடுங்கடா, முட்டினா நீங்கதான் முழுகுவீங்க” என்றேன். வாத்தியார் என்னைப் பார்த்தார். கையை மட்டும் பின் பக்கம் காட்டினார். நான் போய் நின்றேன். எனக்கு முன்னால் கொகோட் வீட்டு மார்டினின் முதுகுதான் தெரிந்தது. படக்காரரையே என்னால் பார்க்க முடியவில்லை.

முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு பள்ளியில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு “அசையாதீங்க!” என்று ஜெர்மனில் கத்தினார். என்ன சத்தம் என்று பார்க்கப் பாவ்லிக் என்ற பொடியன் எழுந்து நின்றுவிட்டான். வாத்தியார் ஓடி வந்து உட்கார வைத்தார். படக்காரர் மறுபடி கத்தினார். இந்தத் தடவை இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி எழுந்து வீட்டுக்கே நடக்க ஆரம்பித்துவிட்டாள். வாத்தியார் கத்தக் கத்த அழுகை கூடிக்கொண்டே போனது. படக்காரர் துணிக்குள்ளிருந்து வியர்த்துப் போய் வெளியே வந்தார். “போச்சு. படம் பிடிச்ச ரெண்டு கண்ணாடித் தட்டும் பாழ்” என்றார்.

சித்தி, எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை, அதற்குப் போய்த் திட்டு வாங்குகிறார்கள். நான் மார்டினின் முதுகுக்குப் பின்னாலிருந்து நம் பேச்சில் உரக்கச் சொன்னேன்: “எல்லாரும் கொக்கு விளையாட்டு! வாய்க்கால்ல கொக்கு எப்படி நிக்கும்? அசைஞ்சா மீன் ஓடிடும். கண்ணைச் சிமிட்டாதீங்க!”

எல்லாம் கப்சிப் ஆகிவிட்டது. பாவ்லிக் கழுத்தைக்கூட நீட்டிக்கொண்டான்.

“மினா!” என்றார் வாத்தியார். “பள்ளிக்கூடத்துக்குள்ள அந்தப் பேச்சு பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

படக்காரர் கையைத் தூக்கினார். “இருங்க வாத்தியாரே. யாரு பேசுனது? வெளிய வாம்மா.” நான் பையன்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என் தலைக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் பெயர் கொன்சாக். “எங்கம்மாவும் இப்படித்தான் கட்டுவாங்க. எனக்குப் பேச்சு மறந்துடுச்சு, திட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கு” என்றார். பிறகு வாத்தியாரிடம், “என்கிட்ட இன்னும் ஒரே ஒரு தட்டுதான் இருக்கு. இந்தப் பொண்ணை முன்னாடி உட்கார வைங்க. இல்லைன்னா நீங்களே அவங்களை ஜெர்மன்ல நிறுத்திக் காட்டுங்க, நான் காத்திருக்கேன்” என்றார்.

வாத்தியார் குனிந்து முன்வரிசையின் நடுவில் இரண்டு பிள்ளைகளை நகர்த்தி இடம் விட்டார். பிறகு, “போ. முன்னாடி போய் உட்காரு” என்றார். குரல் கோபமாக இல்லை.

நான் நடுவில் உட்கார்ந்தேன். பாவ்லிக் என் ஏப்ரனில் மூக்கைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். “கொக்கு” என்றேன். அவ்வளவுதான். படம் எடுத்தாகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய கவுன் எனக்குச் சரியாக இருக்கிறது. தோளில்கூட. மிகவும் அழகு. அதை அறுவடை விழாவுக்குப் போட்டுக்கொள்வேன். படத்துக்கு ஏன் போடவில்லை என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் உங்கள் தபால் அட்டை இருக்கிறது. நான் இரண்டு உடுப்பையும் போட்டுப் பார்த்தேன். கவுனில் நான் யார் மாதிரியும் இல்லை. தலைக்கட்டைக் கட்டியதும் நான் அப்படியே உங்கள் மாதிரி இருந்தேன். படத்தில் உங்கள் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் போட்டுக்கொண்டேன்.

நீங்கள்தான் என்னைப் பெற்றீர்கள் என்று எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். சண்டை வந்தால் கொகோட் வீட்டுப் பையன்கள் சொல்வார்கள். நான் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். உங்களிடமும் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

அன்புள்ள
மினா


வொல்ஷினா
25 ஜூலை 1909

கடவுள் துணை.

அன்புத் தங்கை வோர்ஷாவுக்கு அக்கா லேய்னா. நாங்கள் சுகம். மழை அதிகம், வைக்கோலைக் காய வைக்க முடியாமல் அத்தான் வானத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. போன முறை நான் செய்ததை இப்போது நீ செய்கிறாய். எனக்குப் புரிகிறது.

படம் வந்துவிட்டது. உனக்கென்று ஒரு பிரதி வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். அட்டை மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் பலகை வைத்திருக்கிறார் அத்தான். பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

முன்வரிசையின் நடுவில் இருப்பவள்தான் நம் மினா. பார்த்தாலே தெரியும். அவளைச் சுற்றி அந்தப் பொடிசுகள் எல்லாம் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் கவுன் போட்ட பெண்கள் கொஞ்சம் அசைந்துவிட்டிருக்கிறார்கள், லிஸ்பெத்தின் முகம் கலங்கலாக விழுந்திருக்கிறது. ஷூ கடித்ததாம், காலை மாற்றியிருக்கிறாள். ஹானா படத்தைப் பார்த்துவிட்டு, “என் பொண்ணு யாரோ மாதிரி இருக்கா லேய்னா. உன் பொண்ணு ராணி மாதிரி இருக்கா” என்று வாய்விட்டுச் சொன்னாள். ஹானா வாயிலிருந்து! நான் அன்று முழுக்கக் கால் தரையில் படாமல் நடந்தேன்.

வாத்தியாரை வழியில் பார்த்தேன். “படத்தை ஆய்வாளருக்கு அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அனுப்பிட்டேன்.”

“இப்படியேவா?”

“வேற படம் இல்லையேம்மா” என்றார். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, காலையில் பாடம் தொடங்கும் முன் சின்னப் பிள்ளைகளுக்கு மினா கொஞ்சம் நம் பேச்சில் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். “ஆய்வாளர் வர்ற அன்னைக்கு மட்டும் வேண்டாம்” என்று சேர்த்துக்கொண்டார். மினா இப்போது தினமும் கால் மணி முன்னதாகவே கிளம்பிவிடுகிறாள். நடையே மாறிவிட்டது.

அவள் உனக்கு எழுதிய கடிதத்தை நான் படிக்கவில்லை. அவளே மடித்து, அவளே ஒட்டினாள். ஆனால் போன ஞாயிறு வெள்ளரித் தோட்டத்தில் களை எடுக்கும்போது, உனக்கு என்ன எழுதினாள் என்று அவளாகவே என்னிடம் சொல்லிவிட்டாள். ஏன் அந்த உடுப்பைப் போட்டாள் என்பதையும் சொன்னாள். நான் பூ வேலை செய்தேன், எனக்காகத்தான் போட்டாள் என்று ஊரெல்லாம் தலை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தேனே! களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, நீங்க செஞ்ச பூ வேலை இல்லாம நான் எப்படிச் சித்தி மாதிரி ஆகியிருப்பேன்?” என்றாள். அவளை வளர்த்தது நான்தான் என்று அப்போது எனக்கு மறுபடி நிச்சயமானது. இப்படிப் பேச வேறு யார் கற்றுக் கொடுத்திருப்பார்கள்?

தபால்காரர் படகு வரும்போதெல்லாம் துறைக்கு ஓடுகிறாள். அவளுக்காவது பதில் போடு.

அக்கா லேய்னா


பெர்லின்
15 ஆகஸ்ட் 1909

அன்புள்ள அக்காவுக்கும் அன்புள்ள மினாவுக்கும் வோர்ஷாவின் வணக்கம். நான் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை. மினா, உன் கடிதத்தில் இரண்டே இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது. அதற்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் தாள் நனைந்துபோனது. அவ்வளவுதான் நடந்தது.

படம் வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். எகோன்தான் பார்சலைப் பிரித்தான். சாப்பாட்டு அறையில் மேடமும் அவருடைய இரண்டு தோழிகளும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எகோன் படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் பின்னால் ஓடினேன். அவன் முன்வரிசையில் விரலை வைத்து, “உர்சல், இது நீங்க சின்ன வயசுல எடுத்ததா?” என்று கேட்டான்.

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். அக்கா பெண் என்று சொல்லியிருக்கலாம், பத்து வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். வாயில் வந்தது வேறு.

“இல்ல எகோன். இவ என் மகள். பேரு மினா.”

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். “உனக்கு மகளா? இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கலையே மேடம்” என்றேன். “நான் பால் கொடுக்க வந்தவ. பிள்ளை பெறாம எங்கிருந்து பால் வரும்?”

ஒரு தோழி கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எகோன் மட்டும் படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நான் குடிச்சது இவளோட பாலா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அவளுக்கு?” என்றான். “எங்க அக்கா ஆட்டுப் பால் கொடுத்து வளர்த்தாங்க. பாரு, எப்படி வளர்த்திருக்காங்க” என்றேன். அக்கா, அந்த நிமிடம் நீ அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

மேடம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தோழிகள் சொல்லியிருப்பார்கள் போலும், முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாயேன். இதே உடுப்புல. தாயும் மகளுமா வரவேற்பறையில நின்னா எவ்வளவு அழகா இருக்கும்!”

“வந்தா விருந்தாளியா வருவா மேடம். என்ன உடுத்தணும்னு அவளே முடிவு பண்ணுவா. நிக்க மாட்டா, நாற்காலி போடணும்” என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த நாள் லீவு கேட்டேன். இத்தனை வருடத்தில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் லீவு. அக்டோபரில் இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா, நான் அவளை அழைத்துப்போக வரவில்லை. இதை நீ சந்தேகமில்லாமல் நம்ப வேண்டும். அவள் உன் பிள்ளை. அவள் பதினாலு வயதில் எங்கே போவாள் என்பதை அவளும் நீயும் அத்தானும் பேசிக்கொள்ளுங்கள். கேட்டால் நானும் சொல்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்த பெண்ணைப் பார்க்கத்தான் வருகிறேன்.

படம் என் அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஃப்ரீடா தினமும் துடைக்கிறாள். தபால்காரர் நான் கூப்பிடாமலே இரண்டாவது தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அத்தானுக்கு என் வணக்கம்.

வோர்ஷா


வொல்ஷினா
5 செப்டம்பர் 1909

கடவுள் துணை.

அன்புத் தங்கை வோர்ஷாவுக்கு அக்கா லேய்னா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வெள்ளரி ஊறுகாய்ப் பீப்பாய்களில் இறங்கிவிட்டது, இந்த வருடம் நல்ல விளைச்சல். ஆளிவிதை எண்ணெய் புதிதாக ஆட்டி வைத்திருக்கிறேன். நீ வரும்போது உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் எண்ணெயும் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அதற்குத்தான் நீ ஏங்கிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை அத்தான் சத்தமாகப் படித்தார். நாற்காலி போடணும் என்ற இடம் வந்ததும் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார். “நம்ம வோர்ஷாவா இப்படிச் சொன்னா?” என்று மூன்று தடவை கேட்டார். ஆட்டுப் பால் என்ற இடத்தில் நான் வெளியே போய்விட்டேன். கோழிக்குத் தீனி போடப் போனேன் என்று வைத்துக்கொள்.

அழைத்துப்போக வரவில்லை என்று நீ எழுதியதை நம்புகிறேன். நம்புவதற்கு எனக்கு இவ்வளவு வருடம் ஆனது என் சுபாவம். நீ இரண்டு வாரம் சொல்லியிருக்கிறாய். நீளக் கட்டிலை எடுத்துச் சுத்தம் செய்து போட்டிருக்கிறோம். இந்த முறை நீ விருந்தாளிபோல் ஓரமாக உட்கார வேண்டாம். வெள்ளரிப் பீப்பாய்க்கு மூடி போட ஆள் வேண்டும்.

ஒரு செய்தி. நேற்று மினா அடுப்படியில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏதோ கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

“அம்மா, அவங்க படகுலேர்ந்து இறங்கும்போது நான் என்னன்னு கூப்பிடறது? சித்தின்னா, இல்ல...”

முடிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். நான் கிண்டிக்கொண்டிருந்த தினைக் கஞ்சியிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை.

“உனக்கு வாயில எது வருதோ அப்படிக் கூப்பிடு” என்றேன்.

“ஆனா அப்ப நீங்க பக்கத்துல நிப்பீங்களே? நான் அம்மான்னு கூப்பிட்டா யாரைக் கூப்பிடறேன்னு எப்படித் தெரியும்?”

வோர்ஷா, நான் அவளிடம் சொன்ன பதிலைத்தான் உனக்கும் எழுதுகிறேன். “நீ பாட்டுக்குக் கூப்பிடுடி. ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கறோம்.”

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா
லேய்னா